எட்டாம் மைலுக்கு அப்பால்: நார்த்லேண்ட் பேரங்காடியின் கதை

டெட்ராய்ட் நகரத்தின் வட எல்லையாக அமைந்திருப்பது ஒரு சாலை. நகரின் மையத்திலிருந்து இத்தனையாவது மைல் என்று எண்ணிச் சாலைகளுக்குப் பெயர் வழங்குவது அங்குள்ள மரபாதலின், அதற்கு எட்டாம் மைல் சாலை என்று பெயராயிற்று. மிச்சிகன் மாநிலத்தார் அப்பெயரைச் சொல்லும்போது தூரத்தை எண்ணுவதில்லை. சாலைக்குத் தெற்கே நகரம், வடக்கே புறநகர். தெற்கே கறுப்பர், வடக்கே வெள்ளையர். தெற்கே மூடிய தொழிற்சாலை, வடக்கே புல்வெளி சூழ்ந்த வீடு. இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் நெடுங்காலம் அச்சாலை இவ்வாறே பொருள்பட்டு வந்தது. அதனைக் கடந்தவுடன் வருகின்ற சவுத்ஃபீல்டு என்னும் ஊரில் 1954ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 22ஆம் நாள் நார்த்லேண்ட் பேரங்காடி திறக்கப்பட்டது. உலகிலேயே பெரிய அங்காடித் தொகுதி என்று அந்நாளில் அது போற்றப்பட்டது. 61 ஆண்டுகளுக்குப் பின் அது பூட்டப்பட்டபோது, அதனை விலைக்கு வாங்கியது அவ்வூர் நகராட்சி. நடத்துவதற்காக அன்று, இடிப்பதற்காக.

இக்கதையை ஹட்சன் கடையிலிருந்து தொடங்குவதே முறை. ஜோசப் லோதியன் ஹட்சன் என்பவர் 1881இல் டெட்ராய்ட்டில் தொடங்கிய துணிக்கடை, உட்வர்டு அவென்யூவில் 25 தளங்களும் 400 அடிக்கு மேற்பட்ட உயரமும் உடைய பல்பொருள் அங்காடியாக வளர்ந்தது. 20 லட்சம் சதுர அடிக்கு மேற்பட்ட பரப்பில், நியூயார்க்கின் மேசிஸ் கடை ஒன்றுக்கே அமெரிக்காவில் அது இரண்டாவதாக நின்றது. பல ஆயிரம் பணியாளர்கள் அங்கே வேலை பார்த்தனர். கிறிஸ்துமஸ் காலத்தில் குழந்தைகளை அழைத்துச்செல்லும் இடம், மணப்பெண்ணுக்கு உடை எடுக்கும் இடம், நன்றி நவிலும் நாளில் ஊர்வலம் நடத்தும் நிறுவனம், கட்டட முகப்பில் நாட்டின் மிகப் பெரிய கொடியைத் தொங்கவிடும் கடை என்று, டெட்ராய்ட் மக்களின் குடும்ப நினைவுகளிலெல்லாம் அதற்கு ஓர் இடம் இருந்தது. ஹட்சன் 1912இல் மறைந்தபின் அவருடைய சகோதரியின் மக்களான வெப்பர் சகோதரர்கள் கடையை நடத்தினர். கிளைக்கடை என்ற பேச்சே அவர்களுக்குப் பிடிக்காது. ஹட்சனுக்கு வர வேண்டியவர் நகரத்துக்கு வரட்டும் என்பது அவர்களது கொள்கை.

அக்கொள்கையை மாற்றியவர் வியன்னாவிலிருந்து உயிர்தப்பி வந்த ஒரு யூதர். விக்டர் குரூவன் என்று அமெரிக்காவில் அறியப்பட்ட அவருடைய இயற்பெயர் விக்டர் குருன்பாம். பிறந்த ஆண்டு 1903. கட்டடக் கலை பயின்று தொழில் நடத்தியதோடு, அரசியல் நையாண்டி நாடகங்கள் எழுதி மேடையில் நடிப்பதும் அவருக்கு வழக்கமாயிருந்தது. வியன்னாவின் சிற்றரங்குகளில் நாட்சிகளைக் கேலி செய்தவருக்கு, 1938இல் ஆஸ்திரியாவை ஹிட்லர் விழுங்கியபின் அங்கே வாழ இடமில்லை. நாட்சிப் படையின் சீருடை அணிந்த நண்பர் ஒருவர் அவரை விமான நிலையத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார் என்பார்கள். கையில் எட்டு டாலருடன், ஆங்கிலம் அறியாதவராக அவர் நியூயார்க் வந்து இறங்கினார். அகதிக் கலைஞர்களின் நாடகக் குழு ஒன்றில் பங்குகொண்டார். பின்னர் ஐந்தாம் அவென்யூவில் ஒரு தோற்பொருள் கடைக்கு முகப்பு அமைத்துக் கொடுத்ததிலிருந்து கடை கட்டுவோர் அவரைத் தேடி வரலாயினர்.

குரூவனுக்கு அமெரிக்கா தந்த பிழைப்பையும் அமெரிக்கா தந்த வெறுப்பையும் பிரித்துப் பார்க்க இயலாது. சாலையோரம் நெடுக ஒழுங்கின்றி வளர்ந்த கடைகள், கண்ணைக் குத்தும் விளம்பரப் பலகைகள், காரை விட்டு இறங்க முடியாத தெருக்கள் ஆகியவற்றை அவர் வெறுத்தார். அவர் நெஞ்சில் நின்றது பழைய வியன்னா: நடந்து செல்லும் வீதிகள், காபிக் கடைகள், கூடி நின்று பேசும் சதுக்கங்கள். அமெரிக்கப் புறநகரில் இவை எவையும் இல்லை. வீடுகள் உண்டு, புல்வெளிகள் உண்டு, அண்டை வீட்டாரைச் சந்திக்க ஓர் இடம் இல்லை. அந்த இடத்தைக் கடைகளைக் கொண்டே உண்டாக்கலாம் என்று அவர் எண்ணினார். 1943இலேயே அத்தகைய திட்டம் ஒன்றைத் தம் மனைவியும் தொழிற்கூட்டாளியுமான எல்சி குரூம்மெக்குடன் சேர்ந்து ஒரு கட்டடக்கலை இதழுக்கு வரைந்து கொடுத்திருந்தார். ஒரு நாடகக்காரரின் எண்ணம் அது என்று சொன்னால் பிழையாகாது. மேடையை அமைத்துவிட்டால் மனிதர்கள் தாமே வந்து தம் பாகத்தை ஏற்றுக்கொள்வார்கள் என்ற நம்பிக்கை அதில் இருந்தது.

1940களின் இறுதியில் ஒரு பயணத்தின் இடையே டெட்ராய்ட்டில் தங்க நேர்ந்தபோது, குரூவன் ஹட்சன் கடையைப் பார்த்து வியந்தார். பின் புறநகர்ச் சாலைகளில் சுற்றிப் பார்த்துக் கவலையுற்றார். அக்கடையின் வாடிக்கையாளர்கள் நகரை விட்டு வெளியேறிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் பின்னே மலிவான சாலையோரக் கடைகள் முளைத்துக்கொண்டிருந்தன. நகரைச் சுற்றி நான்கு பெரிய அங்காடித் தொகுதிகளை ஹட்சன் நிறுவனமே கட்டி, தானே ஆள வேண்டும் என்று அவர் வற்புறுத்தினார். நிறுவனத் தலைவர் ஆஸ்கர் வெப்பர் இறுதியில் இசைந்தார். கிழக்கே ஈஸ்ட்லேண்ட்தான் முதலில் திட்டமிடப்பட்டது. கொரியப் போர் வந்து கட்டடப் பொருள்களுக்குத் தட்டுப்பாடு ஏற்படவே அது தள்ளிப்போயிற்று. நிலைமை சீரானபின், வளர்ச்சி மிகுந்த வடமேற்குத் திசையில் நார்த்லேண்ட் முந்திக்கொண்டது.

அதன் அமைப்பைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். பிற்காலத்துப் பேரங்காடிகளைக் கண்டு பழகியவர்கள் அதனை எளிதில் மனத்தில் வரைந்துகொள்ள இயலாது. முதலில், அதற்குக் கூரை கிடையாது. நடுவே நான்கு மாடி ஹட்சன் கடை. அதனைச் சூழ்ந்து தாழ்ந்த கட்டடங்களில் சிறு கடைகள். இடையிடையே திறந்த முற்றங்கள், நிழல் தரும் தூண் வரிசைகள், மரங்கள், மலர்ப்பாத்திகள், நீரூற்றுகள். சரக்கு வண்டிகள் மக்கள் கண்ணில் படாதவாறு நிலத்துக்கடியில் சுரங்கப் பாதை வழியே வந்து சென்றன. ஏறத்தாழ 10,000 கார்கள் நிறுத்துவதற்கு வெளியே இடம் விடப்பட்டிருந்தது. உள்ளே ஒரு காருக்கும் இடமில்லை. கடைப் பலகைகளின் அளவும் எழுத்தும் கட்டுப்படுத்தப்பட்டன. அஞ்சலகம், வங்கி, கூட்டங்கள் நடத்த அரங்கம் ஆகியவையும் இருந்தன. கட்டுமானத்துக்கு ஆன செலவு ஏறத்தாழ 3 கோடி டாலர்.

அழகுக்குள்ளே கணக்கும் இருந்தது. காரை நிறுத்திவிட்டு ஹட்சனுக்குச் செல்ல விரும்பும் எவரும் சிறு கடைகளின் வாயில்களைக் கடந்தே செல்ல வேண்டும். பெரிய கடை கூட்டத்தை ஈர்க்கும். சிறு கடை அந்தக் கூட்டத்துக்காக வாடகை கொடுக்கும். எதையோ வாங்க வந்தவர் எதை எதையோ பார்த்து நின்று, வந்த காரியத்தை மறந்து உலவத் தொடங்கும் கணத்துக்குப் பின்னாளில் வணிக உலகம் குரூவன் பெயரையே சூட்டிற்று. அவர் அதனை விரும்பவில்லை. ஆயினும் அந்தக் கணத்துக்கான வழியை முதன்முதலில் பெரிய அளவில் போட்டுக்கொடுத்தவர் அவர் அல்லர் என்று சொல்லவும் இயலாது.

சிற்பங்களுக்கும் இடம் ஒதுக்கப்பட்டது. மார்ஷல் ஃபிரெடரிக்ஸ் செதுக்கிய ‘சிறுவனும் கரடியும்’ என்ற சிற்பத்தில், சுண்ணக்கல்லால் ஆன பெருங்கரடியின் முதுகில் பொன் பூசிய சிறுவன் ஒருவன் அமர்ந்திருப்பான். அச்சுறுத்தாத கரடி அது. கடைக்கு வந்த குழந்தைகள் அதனைத் தொட்டும் அணைத்தும் விளையாடினர். இதே சிற்பிதான் 1958இல் டெட்ராய்ட் நகர நடுவே, நகரத்தின் சின்னமாகவே ஆகிவிட்ட ‘டெட்ராய்ட்டின் ஆன்மா’ என்ற பெருஞ்சிலையையும் அமைத்தார். ஒரே கை நகரத்துக்கும் அதன் போட்டிக்கும் சிலை வடித்தது.

திறப்பு நாளிலிருந்தே கூட்டம் பெருகிற்று. நாடெங்கிலுமிருந்து வணிகர்களும் நகரத் திட்டமிடுவோரும் பார்க்க வந்தனர். இரண்டே ஆண்டுகளில், மின்னியாபொலிஸ் நகரருகே எடைனாவில் டேட்டன் நிறுவனத்துக்காகக் குரூவன் சவுத்டேலைக் கட்டி முடித்தார். அங்கே கடுங்குளிர், ஆதலால் முற்றத்துக்கு மேல் கூரை போட்டு, ஆண்டு முழுதும் ஒரே தட்பவெப்பம் நிலவச் செய்தார். 1956 அக்டோபர் 8ஆம் நாள் திறக்கப்பட்ட அதுவே கூரையிட்ட பேரங்காடிகளுக்கெல்லாம் மூதாதை. சவுத்டேலைச் சுற்றிக் குடியிருப்புகள், பள்ளி, மருத்துவமனை, பூங்கா, ஏரி என்று முழு ஊரையே அவர் வரைந்து கொடுத்திருந்தார். அவர் வரைந்தவண்ணம் எழுந்தது அங்காடி மட்டும். சுற்றியிருந்த நிலத்தின் மதிப்பு ஏறவே, அது துண்டு துண்டாக வேறு வழிகளில் போயிற்று.

அங்காடி மட்டும் ஏன் எழுந்தது என்பதற்கு அரசின் வரிச் சட்டத்தில் ஒரு விடை இருக்கிறது. 1954ஆம் ஆண்டின் வருமான வரிச் சட்டம், புதிதாகக் கட்டும் வணிகக் கட்டடங்களின் தேய்மானத்தை முதல் சில ஆண்டுகளிலேயே பெருமளவில் கழித்துக்கொள்ள இடம் கொடுத்தது. கட்டடம் நன்றாக வாடகை ஈட்டும். ஆனால் கணக்கேட்டில் நட்டம் காட்டும். அந்த நட்டத்தைக் காட்டிப் பிற வருமானத்துக்கு உரிய வரியையும் குறைத்துக்கொள்ளலாம். சலுகை தீர்ந்தபின் விற்றுவிட்டு அடுத்ததைக் கட்டலாம். பழைய கட்டடத்தைச் செப்பனிடுவதற்கு இத்தகைய ஆதாயம் இல்லை. நகர நடுவே இருந்த பழைய கடைவீதிகளை விட்டு முதலீடு வெளியேறியது மக்களின் விருப்பத்தால் மட்டும் நடந்தது என்று எழுதுவோர் இதனைக் கணக்கில் கொள்வதில்லை. 1956இல் நாடளாவிய நெடுஞ்சாலைச் சட்டமும் சேர்ந்துகொண்டது. டெட்ராய்ட்டில் அந்நெடுஞ்சாலைகள் எதன்மேல் சென்றன என்பதும் நினைக்கத்தக்கது. கறுப்பின மக்களின் வணிகத்துக்கும் இசைக்கும் பேர்பெற்ற ஹேஸ்டிங்ஸ் தெரு, ஒரு விரைவுச் சாலைக்காக அடியோடு அழிக்கப்பட்டது. அவர்களுடைய கடைவீதிக்கு மாற்றாக எவரும் நீரூற்றுகளுடன் முற்றம் கட்டிக் கொடுக்கவில்லை.

புறநகர் வீட்டுக் கடனிலும் அரசின் கை இருந்தது. கறுப்பர் வாழும் பகுதிகளையும் அவற்றை ஒட்டிய பகுதிகளையும் ஆபத்தானவை என்று வகைப்படுத்தி, அங்கே வீட்டுக் கடனுக்குக் காப்புறுதி அளிக்கக் கூட்டரசின் வீட்டு நிருவாகம் மறுத்தது. நார்த்லேண்டிலிருந்து சில மைல் கிழக்கே, எட்டாம் மைல் சாலையை ஒட்டி, இதற்குக் கண்கண்ட சாட்சி ஒன்று இன்றும் நிற்கிறது. 1941இல் வெள்ளையர்க்கென வீடுகள் கட்ட முனைந்த ஒருவர், அருகிலிருந்த கறுப்பர் குடியிருப்புக்கும் தம் மனைகளுக்கும் நடுவே அரை மைல் நீளத்தில் ஆறடி உயரச் சுவர் எழுப்பினார். சுவர் எழுந்தபின்தான் காப்புறுதி கிடைத்தது. நார்த்லேண்டின் திறந்த முற்றங்களில் வாயிற்காவல் இல்லை என்று அந்நாளில் பெருமை பேசியவர்களுக்கு, வாயில் வெகு தொலைவிலேயே அடைக்கப்பட்டிருந்தது தெரிந்திருக்க வேண்டும்.

உட்வர்டு அவென்யூவில் இருந்த தாய்க்கடையின் விற்பனை 1953இல் உச்சத்தைத் தொட்டது. மறு ஆண்டு நார்த்லேண்ட் திறந்தது. அதன்பின் தாய்க்கடை அந்த உச்சத்தை ஒருபோதும் எட்டவில்லை. 1957இல் ஈஸ்ட்லேண்ட், 1965இல் வெஸ்ட்லேண்ட், 1970இல் சவுத்லேண்ட் என்று நான்கு திசைகளும் நிறைவேறின. ஒரு நகரத்தை நான்கு புறமும் முற்றுகையிடுவது போன்ற அந்தத் திட்டத்தை வகுத்தது பகைவர் அல்லர். அந்நகரத்தோடு தன்னை ஒன்றாகக் கருதிய கடையே வகுத்தது. எனினும் டெட்ராய்ட்டின் வீழ்ச்சியை அங்காடியின் தலையில் மட்டும் சுமத்துவது நியாயமாகாது. கார் தொழிற்சாலைகள் அதற்கு முன்பிருந்தே நிலம் மலிவான இடங்களை நாடிப் போகத் தொடங்கிவிட்டன. 1956இல் பேக்கார்டு தொழிற்சாலை மூடிற்று. 1967 ஜூலையில் ஐந்து நாள் நீடித்த கலவரத்தில் 43 பேர் மாண்டனர். வெளியேறிக்கொண்டிருந்த வெள்ளையர் அதன்பின் ஓடலாயினர். 1950இல் 18 லட்சத்து 49 ஆயிரமாக இருந்த நகர மக்கள்தொகை, 2010இல் 7 லட்சத்து 13 ஆயிரம். 2020இல் 6 லட்சத்து 39 ஆயிரம். ஓடியவர்களுக்கு ஒரு கடைவீதி முன்னதாகவே ஆயத்தமாக இருந்தது என்பதுதான் நார்த்லேண்டின் பங்கு. அது சிறு பங்கும் அன்று.

1974இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் மில்லிக்கன் - பிராட்லி வழக்கில் தீர்ப்பளித்தது. பள்ளிகளில் இனக் கலப்பை உண்டாக்குவதற்காக டெட்ராய்ட் நகரப் பிள்ளைகளையும் புறநகர்ப் பிள்ளைகளையும் எல்லை கடந்து பேருந்தில் அனுப்பும் திட்டத்தை, ஐவருக்கு நால்வர் என்ற கணக்கில் நீதிமன்றம் தடுத்துவிட்டது. எட்டாம் மைல் சாலை சட்டத்தின் துணையுடன் மேலும் உறுதிப்பட்டது. அதே காலத்தில் நார்த்லேண்டின் முற்றங்களுக்கும் கூரை போட்டு முடித்தார்கள். மரங்களும் வானமும் போயின. சவுத்டேலின் பிள்ளைகளான புதிய அங்காடிகளோடு போட்டியிட வேண்டிய நெருக்கடியில், தாய் தன் பேத்தியின் உடையை அணிந்துகொண்டாள்.

புதிய அங்காடிகள் இன்னும் வெளியே, அடுத்த வளையத்தில் முளைத்தன. 1968இல் டிராயில் ஓக்லேண்ட், 1976இல் டியர்பார்னில் ஃபேர்லேன், 1977இல் நோவையில் டுவெல்வ் ஓக்ஸ். நார்த்லேண்ட் நகரத்துக்குச் செய்ததை அவை நார்த்லேண்டுக்குச் செய்தன. 1983 சனவரியில் உட்வர்டு அவென்யூவின் ஹட்சன் கடை மூடப்பட்டது. வெறுமையாய் நின்ற அந்த மாளிகை 1998 அக்டோபர் 24ஆம் நாள் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டபோது, எழுந்த புழுதி நகர நடுவையே மூடிற்று. கூடி நின்று பார்த்தவர்கள் பலர் அழுதனர். அவர்களுள் எத்தனை பேர் அதற்கு முந்திய இருபது ஆண்டுகளில் அக்கடையில் ஒரு கைக்குட்டையேனும் வாங்கியிருப்பார்கள் என்று கேட்பது கொடுமைதான், கேட்காமலிருப்பது வரலாறாகாது.

சவுத்ஃபீல்டின் முகமும் மாறிற்று. சுவரும் சட்டமும் தடுத்தவற்றைப் படிப்பாலும் உழைப்பாலும் கடந்து, கறுப்பின நடுத்தர வகுப்பார் எட்டாம் மைலைத் தாண்டி வந்து வீடு வாங்கினர். ஆசிரியர்கள், தாதியர், அரசு ஊழியர்கள், கார் நிறுவனப் பணியாளர்கள். 2000ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் ஊராரில் பாதிக்கு மேல் கறுப்பர். 2010இல் நூற்றுக்கு 70 பேர். கறுப்பர் வந்தனர், வெள்ளையர் போயினர், கடை நொடித்தது என்று இக்கதையை ஒரே வரியில் முடிப்போர் உண்டு. அந்த ஒரு வரிக்குள் உண்மை பாதிகூட இல்லை. புதிய குடியேறிகளுக்கு நார்த்லேண்டும் ஓர் அடையாளமாயிற்று. முன்பு தம் பெற்றோர் விருந்தாளிகளைப் போல வந்துபோன இடத்தில் அவர்கள் உரிமையோடு நடந்தனர். பிள்ளைகள் அங்கே முதல் வேலை பெற்றனர். முதியவர்கள் காலையில் கடை திறக்குமுன் அதன் கூடங்களில் நடைப்பயிற்சி செய்தனர். குரூவன் கனவு கண்ட ஊர்ச் சதுக்கத்துக்கு மிக அருகில் அது வந்தது, ஒருவேளை, இக்காலத்தில்தான்.

ஆனால் முதலீடு வேறு திசையில் போய்க்கொண்டிருந்தது. 1996இல் டிராயிலுள்ள சாமர்செட் பேரங்காடி பெரிதாக விரிவாக்கப்பட்டபோது, அங்கே பகட்டான புதிய கடையைத் திறந்தது வேறெவருமன்று, ஹட்சன் நிறுவனமே. தாய்க்கடையை நார்த்லேண்டுக்காகப் பலி கொடுத்தவர்கள், நார்த்லேண்டைச் சாமர்செட்டுக்காக விட்டுக் கொடுத்தார்கள். உரிமையாளர்களின் பெயர் மாற்றங்களை விரைவில் சொல்லிவிடலாம். குரூவனின் இரு புரவலர்களான ஹட்சனும் டேட்டனும் 1969இல் ஒன்றிணைந்தனர். அவ்விணைப்பின் மலிவுவிலைக் கடையான டார்கெட் வளர்ந்து, 2000இல் நிறுவனத்துக்கே தன் பெயரைக் கொடுத்தது. 2001இல் ஹட்சன் பெயர் நீங்கி மார்ஷல் ஃபீல்ட் என்றாயிற்று. 2006இல் மேசிஸ் என்றாயிற்று. டெட்ராய்ட் மக்களின் நினைவிலிருந்த கடை, பெயரளவிலும் மறைந்தது. நார்த்லேண்டில் பென்னி கடை 2000இல் வெளியேறிற்று.

2014 சனவரியில் 25 வயதுக் கறுப்பின இளைஞர் ஒருவர் நார்த்லேண்டின் காவலர்களால் கீழே அழுத்திப் பிடிக்கப்பட்டு உயிரிழந்தார். மூச்சு விட முடியவில்லை என்று அவர் கதறியது பார்த்தவர்களின் கைப்பேசிப் படங்களில் பதிவாயிற்று. மாவட்ட வழக்குரைஞர் அப்போது எவர்மீதும் வழக்குத் தொடரவில்லை. ஏழாண்டுகள் கழித்து, 2021இல், மாநில அரசின் தலைமை வழக்குரைஞர் நால்வர்மீது குற்றம் சாட்டினார். அண்டை அயலார் சந்திப்பதற்கென்று ஒருவர் வரைந்த முற்றத்தில் இது நடந்தது.

அதே ஆண்டில் உரிமையாளர் கடனைச் செலுத்தத் தவறவே, நீதிமன்றம் நியமித்த நிருவாகியின் கைக்கு அங்காடி போயிற்று. 2015 தொடக்கத்தில் டார்கெட் மூடிற்று. மார்ச்சில் மேசிஸ், அதாவது குரூவன் கட்டிய அந்தப் பழைய ஹட்சன் கடை, மூடிற்று. சூழ்ந்திருந்த சிறு கடைகளுக்கு அதன்பின் கூட்டம் எங்கிருந்து வரும்? நடுவே நிற்கும் பெரிய கடையை நம்பியே எல்லாம் வாழ வேண்டும் என்ற 1954ஆம் ஆண்டின் கணக்கு, தலைகீழாகவும் சரியாகவே வேலை செய்தது. அந்த வசந்தத்திலேயே விளக்குகள் அணைக்கப்பட்டன. பல ஆண்டுகளாக அங்கே சிகை திருத்தியும் காலணி விற்றும் பிழைத்த சிறு வணிகர்கள் சரக்கை மூட்டை கட்டிக்கொண்டு வெளியேறினர். 3 கோடி டாலரில் எழுந்ததை நகராட்சி 24 லட்சம் டாலருக்கு வாங்கிற்று. கல்நாரை அகற்றி, சுரங்க வழிகளைச் சமாளித்து, 2017இல் இடிப்பு வேலை தொடங்கிற்று.

குரூவன் இதனையெல்லாம் காண இருக்கவில்லை. ஆனால் இதன் தொடக்கத்தைக் கண்டார். கார்களின் கையிலிருந்து நகர நடுவை மீட்க வேண்டும் என்று 1950களிலேயே திரும்பி, 1956இல் டெக்சாஸின் ஃபோர்ட் வொர்த் நகருக்கு முழுவதும் நடந்தே உலவத்தக்க மையத்தை வரைந்து கொடுத்தார். நகரத் திட்டமிடுவோரைக் கடுமையாகச் சாடிய ஜேன் ஜேக்கப்ஸ்கூட அத்திட்டத்தைப் பாராட்டினார். அது நிறைவேறவில்லை. 1968இல் குரூவன் வியன்னாவுக்கே திரும்பினார். சில ஆண்டுகளில் அந்நகரத்தின் தெற்கே, வயல்வெளியில், மாபெரும் பேரங்காடி ஒன்று எழுந்து, அவர் நேசித்த சிறு கடைகளின் வாடிக்கையைப் பறிக்கத் தொடங்கிற்று. இரண்டாம் முறையாக அந்த ஊர் அவரைத் தேடி வந்து வருத்திற்று, இம்முறை அவருடைய படைப்பையே கருவியாகக் கொண்டு. 1978இல் இலண்டனில் பேசியபோது, தம் எண்ணத்துக்குப் பிறந்த முறைகேடான பிள்ளைகளுக்கெல்லாம் தாம் வாழ்வூதியம் கொடுக்க இயலாது என்ற பொருள்படச் சினந்து பேசித் தம் தந்தைமையையே மறுத்தார். 1980இல் மறைந்தார். அவர் சினத்தில் நேர்மை இருந்தது; முழு உண்மை இருந்தது என்று சொல்வதற்கில்லை. காரில் வருவோர்க்கு மட்டுமே வழியுள்ள இடத்தில் ஊர்ச் சதுக்கத்தை அமைக்கும்போதே, யார் வர மாட்டார்கள் என்பதும் முடிவாகிவிட்டது.

ஈஸ்ட்லேண்டும் 2021இல் மூடப்பட்டது. அவ்விடத்தைச் சரக்குக் கிடங்குகள் பிடித்துக்கொண்டன. உட்வர்டு அவென்யூவில் பழைய கடை நின்ற வெற்று நிலத்தில் 2017இன் இறுதியில் கடைகால் தோண்டத் தொடங்கி, அதே ஹட்சன் பெயரில் வானளாவும் கோபுரம் ஒன்றை எழுப்பினர். நார்த்லேண்டின் நிலத்தை 2021இல் ஒரு கட்டுமான நிறுவனம் வாங்கிற்று. நகராட்சி இடிக்காமல் விட்டுவைத்த ஹட்சன் கடைக் கட்டடத்தை வீடுகளாக்கி, சுற்றிலும் அடுக்குமாடிக் குடியிருப்புகள் கட்டுவது அவர்களுடைய திட்டம். அதற்கு அவர்கள் இட்ட பெயர் நார்த்லேண்ட் நகர மையம்.

கரடி தப்பிற்று. அங்காடியை வாங்கியபோது அதனோடு கிடைத்த சிற்பங்களை நகராட்சி காப்பாற்றி வைத்தது. பல டன் எடையுள்ள கரடியைப் பெயர்த்துக் கொண்டுபோய்ச் சவுத்ஃபீல்டு பொது நூலகத்தில் நிறுத்தினர். பொன் பூசிய சிறுவன் அதன் முதுகில் அமர்ந்திருக்கிறான். நூலகத்துக்கு வரும் குழந்தைகள் அதனைத் தொட்டுப் பார்க்கிறார்கள். அவர்களை அழைத்துவரும் பாட்டிமார் சிலர், தாமும் ஒருமுறை தொட்டுவிட்டுப் போகிறார்கள்.